இடதுகை அரிதாக இருந்தவரை

சரவணா,

நீ சென்னைக்குப் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. இந்தப் பதினோரு நாளும் பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறேன், வீட்டுக்கு வருகிறேன், துணி துவைக்கிறேன். மனது மட்டும் உன் இடது கையின் கடைசி இரண்டு விரல்களை விட்டு நகரவில்லை. அவை இப்போதும் மரத்துப்போகின்றனவா? காலையில் எழுந்ததும் சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா? கழுத்தை இடப்பக்கம் சாய்த்தால் தோளிலிருந்து முழங்கை வரை ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாயே, அது நின்றுவிட்டதா? இதையெல்லாம் போனில் கேட்க முடியாது. விடுதி போனில் நீ பேசும்போது உன் பின்னால் நாலு பையன்கள் தங்கள் முறைக்காக நிற்பது எனக்கே கேட்கிறது. "எல்லாம் நல்லாதாம்மா இருக்குது, வெச்சிடறேன்" என்கிறாய். வரும் ஞாயிற்றுக்கிழமை கடைசித் தேர்வு ஆட்டம். அதில் உன்னை எடுத்துவிட்டால் கம்பெனிக் கபடி அணி, அதன் பிறகு கம்பெனியிலேயே வேலை. அதே ஞாயிற்றுக்கிழமை அந்தக் கழுத்தின்மேல் இன்னொரு முறை நாலைந்து பேர் விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் பயமாக இருந்தது. அந்தக் கழுத்தில் அடி பட்டிருப்பது தெரிந்தவர்கள் இன்று காலைவரை இரண்டே பேர். ஒருவன் நீ. இன்னொருத்தி, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று உனக்குச் சத்தியம் செய்து கொடுத்த நான்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது நம் வீட்டில் பழைய செய்தி. பதினேழு வயதில் கல்யாணமாகி, பதினெட்டில் உன்னைப் பெற்றேன். இப்போது முப்பத்தாறு. நாம் இருவரும் பஸ்ஸில் சேர்ந்து போனால் அக்காவா என்று கேட்கிறார்கள். ஆனால் இந்தப் பதினெட்டு வருஷத்தில் நான் பயந்து முடித்தது நூறு வயதுக்காரி பயப்படுகிற அளவு இருக்கும். நீ சைக்கிள் கற்றபோது பயந்தேன். உப்பளத்துக் கால்வாயில் நீந்தப் போனபோது பயந்தேன். "உங்கம்மாவுக்கு காக்கா கத்தினாகூட பயம்டா. அது சோறு கேக்குதுன்னு போய் சொல்லு" என்பார் உன் அப்பா. நீயும் சிரிப்பாய், நானும் சிரிப்பேன். சுனாமி அலை வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்னால் அந்தச் சிரிப்பில் சேர முடியவில்லை. அன்று காலை நீயும் உன் கபடி அணியும் எக்கியார்குப்பத்து மணலில் பயிற்சி செய்ய உங்கள் அணியைப் பழக்குகிற ஏழுமலையின் ஆட்டோவில் கிளம்பினீர்கள். வழியில் டயர் பஞ்சர். பஞ்சர் ஒட்டுவதற்குள் கடல் உள்ளே வந்து போய்விட்டது. நான் தலைவிரிகோலமாக ஓடி வந்தபோது நீ அந்தப் பஞ்சர் கடை வாசலில் கையில் டீ கிளாஸோடு நின்றாய். "ஏம்மா இப்படி ஓடியாற?" என்று கேட்டாய். உன்னை அடித்தேன், ரோட்டில், எல்லோர் எதிரிலும். அன்றிலிருந்து என் பயங்களுக்குக் கணக்கில்லை. இருமினால் பயம், பத்து நிமிஷம் தாமதமானால் பயம். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவளின் பயத்தை யார் காதில் போட்டுக்கொள்வார்கள்? அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய இரண்டு தவறுகள் இருக்கின்றன. முதல் தவறு உனக்கு ஞாபகம் இருக்காது. இரண்டாவதைத் தவறு என்றே நீ நினைத்திருக்கமாட்டாய்.

உனக்கு அப்போது நாலு வயது. அப்பா உப்பளத்தில் மேஸ்திரியாகச் சேர்ந்த புதிது. வருஷத்தின் முதல் உப்பை வாரும் நாளில் பாத்தி ஓரத்தில் கற்பூரம் ஏற்றி, வேலை செய்கிறவர்கள் வீட்டுப் பிள்ளை ஒன்றின் கையால் முதல் பிடி உப்பை முதலாளிக்குக் கொடுக்க வைப்பது அந்த உப்பளத்தில் வழக்கம். அந்த வருஷம் உன்னைக் கேட்டார்கள். உனக்குப் புதுச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதி வைத்து, "வலது கையால குடுக்கணும் கண்ணு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே கூட்டிப்போனேன். நீ தலையாட்டிக்கொண்டே வந்தாய். பாத்தியருகே குனிந்து, வெயிலில் கண் கூச, இடது கையால் ஒரு பிடி அள்ளி நீட்டினாய். முதலாளி சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். "கொழந்ததானே, வுடுங்க" என்றார். அவர் விட்டுவிட்டார், வானம் விடவில்லை. சித்திரையில் ஒரு மழையும் இல்லாத ஊரில் மூன்று நாள் கொட்டியது. ஓலை போட்டு மூடாத உப்புக் குவியல்கள் எல்லாம் கரைந்து ஓடின. நாலாம் நாள் உன் அத்தை வந்து வாசலிலேயே நின்று சத்தம் போட்டார். "மொத உப்ப பீச்சாங்கையால குடுக்க வெச்சா வெளங்குமா? இவ படிச்சவளாம், படிச்சவ! புள்ளைக்கு சோத்துக்கை எதுன்னு சொல்லிக்குடுக்கத் தெரியில." உன் அப்பா ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் எனக்கு உறைத்தது.

மழைக்கும் உன் கைக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மறுநாள் என் பழைய புடவையிலிருந்து ஒரு துண்டு கிழித்து உன் இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டினேன். சாப்பிடும்போது கட்டுவேன். பிறகு ஸ்லேட்டில் எழுதும்போதும் கட்டினேன். முதல் வாரம் அழுதாய். அதன் பிறகு, துணியை எடுத்தாலே நீயாக இடது கையை இடுப்பில் ஒட்டி வைத்துக்கொண்டு நின்றாய். அழுததைத் தாங்கிக்கொண்டேன், நீ அப்படி நின்றதை இன்றுவரை தாங்க முடியவில்லை. ஒன்றரை வருஷம் கட்டினேன். நடுவில் சில மாதங்கள் உனக்குப் பேச்சுத் திக்கியது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தெரியாததால் அந்தப் பயம் என்னை விடவும் இல்லை. இன்று நீ வலது கையால் எழுதுகிறாய், வலது கையால் சாப்பிடுகிறாய். கல் எறியவும், மாங்காய் பறிக்கவும், விழப்போகும்போது எதையாவது பிடிக்கவும் இடது கைதான் போகிறது. என்னால் கட்ட முடிந்தது அவ்வளவுதான்.

பால்வாடி வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு வருஷமும் புதிதாக வரும் பிள்ளைகளில் ஒன்றிரண்டு இடது கையால் கரண்டியைப் பிடிக்கும். எந்த வருஷமும் பாதிப் பேர் அப்படி வந்ததில்லை, அநேகமாக ஒருவரும் இல்லாமலும் போனதில்லை. "டீச்சர், ரெண்டு தட்டு தட்டி மாத்திவுடுங்க" என்பார்கள் அம்மாக்கள். "மாத்த வேணாம், அப்படியே இருக்கட்டும்" என்பேன். அவர்கள் போன பிறகு யோசிப்பேன். இவ்வளவு அடி, இவ்வளவு கட்டு, தலைமுறை தலைமுறையாக. இந்தக் குணம் ஏன் தேய்ந்து ஒழிந்துபோகவில்லை? நல்ல குணம் என்றால் ஏன் எல்லோருக்கும் பரவவில்லை? எப்போதும் கொஞ்சமாகவே, ஆனால் எப்போதும் இருக்கிறதே, ஏன்?

இதற்குப் பதில் மாதிரி ஒன்று எனக்கு நம் கிளை நூலகத்தில் கிடைத்தது. இடையஞ்சாவடிப் பக்கம் குடியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன ஆங்கிலப் புத்தகங்கள் ஓர் அலமாரி நிறைய அங்கே இருக்கின்றன. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துவருகிறேன். அதில் ஒன்று உயிர்கள் எப்படி மாறி வந்தன என்பதைப் பற்றியது. ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய ஏரியில் மற்ற மீன்களின் செதிலைக் கொத்தித் தின்று பிழைக்கிற ஒரு மீன் இருக்கிறதாம். பின்னாலிருந்து வந்து பக்கவாட்டில் கொத்த வசதியாக அதன் வாய் ஒரு பக்கம் கோணியிருக்கும். சில மீன்களுக்கு இடப்பக்கம், சிலவற்றுக்கு வலப்பக்கம். பிறவியிலேயே அப்படி, தாய் தகப்பனிடமிருந்து வருவது. இரையாகிற மீன் எந்தப் பக்கம் அதிகம் கொத்து வாங்குகிறதோ அந்தப் பக்கத்தையே பார்த்துக் காத்துக்கொள்ளும். அதனால் எந்த வாய் குறைவாக இருக்கிறதோ அந்த வாய்க்குத்தான் வயிறு நிறைகிறது. எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வருகிறதல்லவா.

இதை நான் உனக்குப் படித்துச் சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறதா? போன வருஷம், நீ பெரிய ஆட்டங்களில் இறங்க ஆரம்பித்த நேரம். சின்ன வயதிலிருந்து உன்னைப் "பீச்சாங்கை" என்று கூப்பிட்ட அதே பையன்கள் "லெப்ட்டு, லெப்ட்டு" என்று விசிலடித்த நேரம். கபடி பாடிக்கொண்டு வருகிறவன் பெரும்பாலும் வலது கையை நீட்டுவான், வலது காலை வீசுவான். பிடிக்க நிற்கிறவர்களின் கண்ணும் காலும் அதற்கே பழகியிருக்கும். நீ மறுபக்கமாகச் சாய்ந்து இடது கையால் தொட்டுவிட்டுக் கோட்டுக்கு ஓடி வந்துவிடுவாய். அவர்கள் நின்ற இடத்திலேயே ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அன்று நான் மீன் கதையைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்தாய். "அப்ப நான் அந்த மீனாம்மா?" என்றாய். "நீதான் அந்த மீன்" என்றேன். கட்டி வைத்த கைக்கு நான் கேட்ட மன்னிப்பு அது. நேராகக் கேட்கத் தைரியமில்லாமல் ஒரு மீனை அனுப்பினேன். நீ அதை அணி முழுக்கச் சொல்லி, ஏழுமலை தன் ஆட்டோவின் பின்னால் ஒரு மீன் படமே வரைந்துவிட்டான்.

என் இரண்டாவது தவறு இதுதான். நான் உனக்குப் பாதிக் கதைதான் சொன்னேன். மீதிப் பாதியும் அதே பக்கத்தில்தான் இருந்தது. உன் முகத்தில் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன்.

மீதி இது. குறைவாக இருக்கிற வாய்க்கு வயிறு நிறைவதால் அதற்குக் குஞ்சுகள் அதிகம் பிழைக்கின்றன. கொஞ்ச காலத்தில் அந்த வாய் பெருகிவிடுகிறது. பெருகியதும் இரை மீன்கள் இந்தப் பக்கம் திரும்பிக் காவல் காக்கத் தொடங்குகின்றன. இப்போது மற்ற வாய்க்கு யோகம். இப்படி ஏறுவதும் இறங்குவதுமாக இரண்டு வகையும் அழியாமல் இருந்துகொண்டிருக்கின்றன. உலகத்தில் இத்தனை விதம் தொலையாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம் என்கிறது புத்தகம். நம் கடற்கரையில் அலை இழுக்கும்போது மணலுக்குள் புதைகிற சின்ன மட்டிகளைப் பார்த்திருக்கிறாய். வெள்ளை, மஞ்சள், ஊதா, வரி போட்டது என்று கை நிறைய அள்ளினால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. கொத்தித் தின்னும் பறவை அதிகம் கண்ட நிறத்தையே தேடப் பழகுவதால் அரிய நிறங்கள் தப்பிப் பெருகுகின்றன என்று இப்படிப்பட்ட பிராணிகளைப் பற்றிச் சொல்கிறார்கள். நோய்க்கிருமியும் அப்படியாம். ஊரில் பெரும்பாலோரின் உடம்பு எந்த மாதிரியோ அந்த உடம்புக்குள் நுழையத்தான் அது பழகுகிறது. வித்தியாசமான உடம்பு கொஞ்ச காலம் தப்பிக்கிறது. ஆக, ஒரு குணம் நல்லதா கெட்டதா என்பது அந்தக் குணத்துக்குள் மட்டும் இல்லை. எத்தனை பேருக்கு அது இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. மனிதர்களின் இடது கையும் சண்டையில் இப்படித்தான் பிழைத்து வந்ததா என்பதைப் புத்தகம் எழுதியவர் உறுதியாகச் சொல்லவில்லை, இருக்கலாம் என்கிறார். எனக்கு அந்த "இருக்கலாம்" போதுமாக இருந்தது, உன்னைச் சந்தோஷப்படுத்த. உன்னை எச்சரிக்கவும் அதே "இருக்கலாம்" போதுமாக இருந்திருக்க வேண்டும்.

ஏனென்றால் நம் கண் எதிரிலேயே அது நடந்தது. நீ ஜெயிக்க ஜெயிக்க, ஏழுமலை நம் அணியில் இன்னும் மூன்று பையன்களை இடப்பக்கமாகப் பாடப் பழக்கினான். "ஒரு லெப்ட்டுக்கே அலறானுங்க, நாலு லெப்ட்டு எறக்கனா மைதானத்த வுட்டே ஓடிடுவானுங்க" என்று நம் வாசலில் நின்று சொன்னான். நான் காபி கொடுத்தேன், சிரித்தேன். அவனைப் பார்த்துப் பக்கத்து ஊர் அணிகளும் ஆளுக்கு ஒருவனை இடப்பக்கம் பழக்கின. ஒரு வருஷத்துக்குள் இந்தக் கடற்கரையில் எந்த ஆட்டத்துக்குப் போனாலும் இடது கை நீளாத ஆட்டமே இல்லை. நீ ஒருவனாக இருந்தபோது உன்னைப் பிடிக்கத் தெரியாதவர்களுக்கு, நீங்கள் பத்துப் பேரான பிறகு வாராவாரம் பழகக் கிடைத்தது. யாரும் உனக்குச் சதி செய்யவில்லை. உன் வெற்றியே அவர்களுக்குப் பாடம் நடத்தியது. நீ ஆட்டத்தை மாற்றாமல் இன்னும் வேகமாக உள்ளே போனாய். நீதான் அந்த மீன் என்று உன் அம்மா சொல்லியிருந்தாளே.

மாசி மகத்துக்குப் பெரிய முதலியார்சாவடிப் பக்கம் நடந்த போட்டிக்கு நானும் வந்தேன். பெண்கள் பக்கத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ கடைசியாகப் பாடிப் போனபோது எதிரணி நின்ற விதத்தைப் பார்த்தேன். கபடி தெரியாத எனக்கே தெரிந்தது, அவர்கள் எல்லோரும் உன் இடது பக்கத்தைப் பார்த்து நிற்கிறார்கள். மூலையில் இருந்தவன் நீ சாய்வதற்கு முன்பே அங்கே வந்துவிட்டான். நீ கை நீட்டினாய், அவன் மணிக்கட்டைப் பிடித்தான், இன்னொருவன் காலைக் கட்டினான், மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். உன் தலை மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பி மண்ணில் அழுந்தியிருந்தது. எழுந்து தூசியைத் தட்டினாய். பக்கத்தில் நின்ற அம்மாள் "அய்ய, அவ்ளோதான் லெப்ட்டு" என்று சொல்லிச் சிரித்தாள். நீ எழுந்துவிட்டாய் என்பதால் நானும் அவளோடு சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன்.

மறுநாள் காலை சமையற்கட்டில் நீ தண்ணீர் டம்ளரைக் கீழே போட்டாய். எடுத்தாய், மறுபடி போட்டாய். மூன்றாம் முறை வலது கையால் எடுத்தாய். நான் அடுப்பை அணைத்துவிட்டு உன்னைப் பார்த்தேன். "இன்னாடா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. தூங்கும்போது கை அமுங்கிடுச்சி."

"பொய் சொல்லாத."

"ரெண்டு வெரலு மட்டும் மரமரன்னு இருக்குது. சரியாப்பூடும்."

"கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"நீ ஆரம்பிச்சிட்டியா? அடுத்த வாரம் கேம்ப்புக்குப் போறேன்மா. ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு போனா பேர எழுதி சீட்டு போடுவான். அது அந்தக் கோச் காதுக்குப் போகும். அவ்ளோதான், உப்பு வாரத்தான் போவணும்." பிறகு என் கையைப் பிடித்து உன் தலையில் வைத்தாய். "அப்பாகிட்ட, ஏழுமலைகிட்ட, யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு எம்மேல சத்தியம் பண்ணு."

நான் பண்ணினேன். பிள்ளை தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை மீறினால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது என்பதை நம்பாதவள் போலத்தான் உன்னிடம் இத்தனை வருஷம் பேசி வந்திருக்கிறேன். இந்த அலமாரிப் புத்தகங்களை எல்லாம் படித்தவள். ஆனால் என் உள்ளங்கைக்குக் கீழே உன் தலையின் சூடு தெரிந்தபோது எனக்கு எல்லாம் பொய்யாகிவிட்டது. நான் சொல்லாவிட்டால் உனக்கு ஆபத்து, சொன்னாலும் உனக்கு ஆபத்து என்ற இடத்தில் என்னை நிறுத்திவிட்டு நீ பஸ் ஏறிப் போய்விட்டாய்.

இந்தப் பதினோரு நாளில் உன் அப்பாவிடம் இரண்டு முறை சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தேன், சத்தியம் உடையாத மாதிரி. "அவன் ஒடம்பு எப்படி இருக்குதோ, எனக்கு பயமா இருக்குதுங்க" என்றேன். "உனக்கு எது பயமில்ல?" என்றார். வாரும் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு உப்பளத்துக்குப் போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். அதே புத்தகத்தில் விஷமுள்ள பட்டாம்பூச்சியைப் பற்றி வருகிறது. அதன் நிறத்தைப் பார்த்தாலே பறவைகள் ஒதுங்கும். விஷமில்லாத வேறொரு பூச்சி அதே நிறத்தோடு பிறந்து, அந்தப் பயத்தில் தானும் பிழைக்கும். பொய்ப் பூச்சி கொஞ்சமாக இருக்கும்வரைதான் அது நடக்கும். அது அதிகமாகிவிட்டால் பறவைகள் துணிந்து தின்று பார்க்கும், ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துகொள்ளும், அதன் பிறகு அந்த நிறத்துக்கு மரியாதை போய்விடும். உண்மையான விஷத்தையும் கொத்திப் பார்க்கும். என் பயங்கள் அப்படி ஆகிவிட்டன, சரவணா. சைக்கிளுக்கும் இருமலுக்கும் மழைக்கும் நான் விட்ட பொய்ப் பயங்கள் எல்லாம் சேர்ந்து, இந்த ஒரு நிஜப் பயத்துக்கு இருந்திருக்க வேண்டிய மதிப்பைத் தின்றுவிட்டன. நீயும் அதனால்தான் "நீ ஆரம்பிச்சிட்டியா" என்றாய்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு அருகதை இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும், கட்டியவளும் பாதிக் கதை சொன்னவளும் நானே என்பதால் சொல்கிறேன். உன் இடது கையில் அவமானமும் இல்லை, அதிசயமும் இல்லை. அத்தை அதைச் சாபம் என்றார், ஊர் அதை வரம் என்றது. அது இரண்டும் இல்லாத வெறும் கை. அது அரிதாக இருந்தவரை உனக்கு ஓர் இடம் கிடைத்தது. அந்த இடம் இப்போது போய்விட்டது. மீனுக்கு அந்த இடம் மறுபடி வரும், பத்துத் தலைமுறை காத்திருக்க அதற்கு முடியும். அதில் எந்த மீன் செத்தது, எந்த மீன் பிழைத்தது என்று ஏரி பார்ப்பதில்லை. புத்தகத்தைப் படிக்கும்போது எனக்கு அது அழகாக இருந்தது. ஏற்றமும் இறக்கமும், அழியாத இரண்டு வகையும். இப்போது அந்தப் பக்கத்தைத் திறக்கவே பிடிக்கவில்லை. வகை பிழைத்தால் போதும் என்று இருக்க நான் ஏரி இல்லை. எனக்கு இருப்பது ஒரு மகன்.

இன்று காலை பால்வாடிக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். உன் பையில் இருந்த காகிதத்திலிருந்து கோச் நம்பரை நீ கிளம்பும் முன்பே எழுதி வைத்திருந்தேன். சத்தியம் பலிக்குமானால் என்மேல் பலிக்கட்டும், என் தலையில் விழட்டும் என்று கதவை மூடிக்கொண்டு மூன்று முறை சொன்னேன். படித்தவள்தான், ஆனாலும் சொன்னேன். பிறகு நம்பரை அழுத்தினேன்.

"யாரும்மா பேசறது?"

"சரவணன் அம்மாங்க. மரக்காணத்துலருந்து."

"சொல்லுங்கம்மா. பையன் நல்லா ஆடறான். கவலையே படாதீங்க."

"அவனுக்கு கழுத்துல அடிங்க. மாசி மகத்துலருந்து லெப்ட் கையில ரெண்டு வெரலு மரத்துப்போவுதுங்க. பொருள் பிடிக்க முடியில. உங்ககிட்ட மறைச்சிட்டான்ங்க."

காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "எந்த அடியும் இல்லன்னு பாரத்துல கையெழுத்து போட்டிருக்கான்மா" என்றார்.

"தெரியுங்க."

"இத நீங்க சொல்லிட்டப்புறம் ஞாயித்துக்கிழமை நான் அவன எறக்க முடியாது. அடுத்த செலக்ஷன் எப்பன்னும் என்னால சொல்ல முடியாது. இன்னொரு வாட்டி கூப்பிடுவாங்களான்னுகூட தெரியாது. அதெல்லாம் புரியுதா உங்களுக்கு?"

"புரியுதுங்க."

"நீங்க போன் பண்றது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டான்."

"நாளைக்குக் காலையில ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டுப் போறேன்மா. இன்னிக்கு பயிற்சிக்கு விடல. இது சின்ன விஷயமா இருந்தா சந்தோஷம். ஆனா அவன் உங்கள மன்னிப்பானான்னு எனக்குத் தெரியாது" என்றார். கடைசியாக, "நல்லதுதான் பண்ணீங்க" என்று வேறு குரலில் சொல்லிவிட்டு வைத்தார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் எல்லாவற்றையும், நாளை சென்னைக்குக் கிளம்புவதையும் சொல்லிவிட்டேன். அவர் கையில் இருந்த பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். எனக்கு எது பயமில்லை என்று இந்த முறை கேட்கவில்லை. "கூட நானும் வர்றேன்" என்றார். விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடிக்கிறோம். இந்தக் கடிதத்தை என் கையிலேயே கொண்டு வருகிறேன், நேரில் எனக்கு இதில் பாதிகூட வாயில் வராது.

வேலையையும் அணியையும் உன்னிடமிருந்து பறித்தவள் நான்தான். அதில் சந்தேகம் வேண்டாம். ஏழுமலையிடமும் ஊரிடமும் அப்படியே சொல்லிக்கொள். ஸ்கேனில் ஒன்றுமே இல்லை என்று வந்தாலும் வரலாம், அப்போது இந்தப் பயமும் என் பொய்ப் பயங்களோடு ஒன்றாகச் சேர்ந்துவிடும். அதற்கும் தயாராகத்தான் வருகிறேன். ஆஸ்பத்திரி வாசலில் எங்களைப் பார்த்ததும் உனக்குக் கோபம் வரும், என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் தலையைத் திருப்பிக்கொள்வாய். திருப்பிக்கொள். அந்தக் கழுத்து வலிக்காமல் திரும்புகிறதா என்று நான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அம்மா